புதுவயல் நண்பருக்கு: தினமும் உடன் கொண்டு செல்லும் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுவயலில் அரிசி ஆலை நடத்தும் நண்பர் ஒருவர், வாரத்தில் நான்கைந்து நாள் இரவு எட்டு மணிக்கு மேல் வசூல் பணத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, காரில் தனியாகக் காரைக்குடி வீட்டுக்குத் திரும்புகிறார். கைத்துப்பாக்கிக்கான உரிமம் சென்ற மாதம் அவர் கைக்கு வந்துவிட்டது. ஹூஸ்டனில் இருக்கும் மைத்துனர் கிளாக் 19 என்ற பிஸ்டலைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். வீட்டிலோ, ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பெல்ஜியம் பிஸ்டல் ஒன்று, 74 வயதாகும் அப்பச்சியின் உரிமத்தில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. (வெளியூர் வாசகர்களுக்கு: நகரத்தார் வீடுகளில் அப்பச்சி என்றால் தந்தை, ஐயா என்றால் தந்தையின் தந்தை.) தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள எது நம்பகமானது, எது சமயத்தில் கைவிடாது என்று கேட்டிருக்கிறார்.

நான் இராணுவத்தில் 22 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுது நீக்கிச் சேர்த்துக் கொடுப்பவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நன்றாகச் சுட்ட துப்பாக்கிகள் என் மேசைக்கு வருவதில்லை. சுட வேண்டிய நேரத்தில் சுடாமல் போனவைதான் வரும். அந்த அனுபவத்தில் என் பதில் இது: புதிதாக ஒரு .32 ரிவால்வர் வாங்குங்கள். (சுழலும் உருளையில் தோட்டாக்களைத் தாங்குவது ரிவால்வர்; கைப்பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டியிலிருந்து தோட்டா ஏறுவது பிஸ்டல்.) ஐயாவின் பிஸ்டலை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள். கிளாக் பேச்சை மறந்துவிடுங்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கிளாக் 19 நல்ல துப்பாக்கி என்பதில் மைத்துனரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது 9 மி.மீ. தோட்டாவைச் சுடுவது. படையினரின் 9 மி.மீ. தோட்டாவை ஏற்கக்கூடிய எந்தப் பிஸ்டலும், அதுபோலவே பழைய இராணுவ ரிவால்வர்களின் .380, .455 விளிம்புத் தோட்டாக்களை ஏற்கக்கூடிய எதுவும், நம் ஆயுத விதிகளில் தடை செய்யப்பட்ட துளை (துளை என்பது குழலின் உள்ளளவு) என்ற வகைக்குள் போய்விடும். உங்கள் உரிமத்தை எடுத்துப் பாருங்கள், ‘என்.பி. போர்’ என்றுதான் எழுதியிருக்கும். தடை செய்யப்படாத துளை என்பதே அதன் பொருள். போதாக்குறைக்கு, 1980களின் நடுவிலிருந்து பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்துகொள்ளும் வழியும் அடைபட்டுவிட்டது; பெயர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு. பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ட்ராப் போட்டி (பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவது) வரை போன பிருத்விராஜ் தொண்டைமானின் துறை அது. ஆலை நடத்துபவருக்கு அந்த வாசல் திறக்காது. ஆகவே அமெரிக்காவில் எழுதப்படும் அறிவுரைகளில் பாதி, 9 மி.மீ. பிஸ்டல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதாகவே இருப்பதால், உங்களுக்கு ஒரு பயனும் தராது.

எஞ்சுவதில் நடைமுறையில் கிடைப்பது .32 தான். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். .32 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தோட்டாக்கள் உண்டு. பிஸ்டலுக்குரியது 7.65 மி.மீ. தோட்டா, அமெரிக்க வடிவமைப்பாளர் பிரௌனிங் வடிவமைத்து 1899இல் வந்தது, அதன் உலோகக் கூட்டின் நீளம் 17 மி.மீ. ரிவால்வருக்குரியது .32 லாங், கூடு 23 மி.மீ. நீளம், பின்புறம் அகன்ற விளிம்பு. ஒன்றுக்காகச் செய்த துப்பாக்கியில் மற்றதைப் போடக் கூடாது. கடைக்குப் போய் ‘.32 தோட்டா ஒரு பெட்டி’ என்று மட்டும் கேட்காமல், ரிவால்வருக்கா பிஸ்டலுக்கா என்பதைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் இரண்டு வகைத் துப்பாக்கியும் இருக்கப்போகிறது என்பதால் பெட்டிகளையும் தனித்தனியே வையுங்கள்.

இரண்டுமே பலத்தில் எளியவை. பிஸ்டல் தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது ஏறத்தாழ 170 ஜூல் ஆற்றலும், ரிவால்வர் தோட்டா அதைவிடச் சற்றுக் குறைவாக 150 ஜூல் அளவும் கொண்டிருக்கும், 9 மி.மீ. தோட்டாவுக்கு அது 450 ஜூலுக்கு மேல். ஒரு குண்டில் ஆள் பறந்து விழுவது திரையில் மட்டுமே நடக்கும்; .32இல் அதை எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. பலம் குறைந்த தோட்டா என்றால் பின்னுதைப்பும் குறைவு. பயிற்சி அதிகம் இல்லாத கையும் அடுத்தடுத்த குண்டை நினைத்த இடத்துக்கு அனுப்ப முடியும். எனவே துப்பாக்கி ஒவ்வொரு முறையும் தவறாமல் சுடுகிறதா என்பதே பெரிய கேள்வியாகிறது. வலிமை இல்லாத ஆயுதத்துக்கு நம்பகமும் இல்லையென்றால் அது வெறும் சுமை.

ரிவால்வர் என்று நான் சொல்வதற்குக் காரணம், தோட்டா வெடிக்காமல் போனால் செய்ய வேண்டியது என்ன என்பதில் இருக்கிறது. டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில், அதாவது விசையை இழுப்பதே குதிரையையும் (தோட்டாவை அடிக்கும் சுத்தி) பின்னுக்கு இழுத்து விடுவிக்கும் வகையில், விசையை மறுபடி இழுத்தால் போதும்; உருளை சுழன்று அடுத்த அறையிலிருக்கும் தோட்டாவைக் குதிரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். பிஸ்டலில் அதே கோளாறு வந்தால், இரண்டு கைகளாலும் ஸ்லைடை, அதாவது மேலே முன்பின் நகரும் பகுதியை, இழுத்துப் பழுதான தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்ற வேண்டும். காரின் ஓட்டுநர் இருக்கையில், சீட் பெல்ட் மார்பைப் பிடித்திருக்க, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர் அதைச் செய்வாரா? பயிற்சி பெற்ற சிப்பாய்களே திணறிப்போவதைச் சுடும் தளத்தில் பார்த்திருக்கிறேன்.

7.65 மி.மீ. தோட்டாவுக்கென்றே ஒரு தனி வியாதியும் உண்டு. அதன் அடிப்பகுதியில் உடலைவிட ஒரு மயிரிழை அகன்ற அரை விளிம்பு இருக்கிறது. மேகசினில் தோட்டாக்களை நிரப்பும்போது மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய்ச் சிக்கிக்கொண்டால், ஸ்லைடு முன்னே வரும்போது மேல் தோட்டா கீழ்த் தோட்டாவையும் சேர்த்து இழுக்கும், இரண்டும் அசையாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் தீராது; மேகசினைக் கழற்றி, தோட்டாவைக் குச்சி போட்டு நெம்பித்தான் விடுவிக்க வேண்டும். இதோடு, மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்துச் சுட்டாலும், மேகசினின் மேல் உதடு சற்று வளைந்திருந்தாலும், சுருள்வில் சோர்ந்திருந்தாலும் பிஸ்டல் நின்றுவிடும். இதையெல்லாம் பழக்கத்தால் வெல்லலாம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பழக்கம் வர வேண்டுமென்றால் வருடத்துக்குச் சில நூறு தோட்டாக்கள் சுட வேண்டும்; நம் ஊரில் தோட்டா உரிமத்தில் எழுதிய கணக்குப்படிதான் கிடைக்கும், சுடுவதற்கு இடமும் எளிதில் கிடைக்காது.

ரிவால்வர் நிற்கவே நிற்காது என்று நான் சொல்லவில்லை. சுட்ட கூடுகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று, கடுகில் பாதி அளவு, போய் உட்கார்ந்தாலும் உருளை இறுகிவிடும். அதனால் சுட்டு முடித்த ஒவ்வொரு முறையும் பழைய பல்துலக்கியால் அந்தத் தகட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். ரிவால்வர் நின்றால் பெரும்பாலும் இப்படி நாம் விட்ட அழுக்கால்தான் நிற்கும்.

எந்த ரிவால்வர் என்பதற்கு வருகிறேன். கான்பூரில் இருக்கும் அரசுத் தொழிற்சாலைகளின் தயாரிப்புகள்தான் எளிதாகக் கிடைப்பவை. 2021 அக்டோபரில் பழைய படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, துப்பாக்கிகள் செய்பவை அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மெண்ட் இந்தியா என்ற நிறுவனத்தின் கீழ் வந்தன. நம் திருச்சித் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தைச் சேர்ந்ததே. கான்பூரின் பழைய மார்க் 3 ரிவால்வர் ஏறத்தாழ 700 கிராம்; வெப்லி என்ற பிரிட்டிஷ் ரிவால்வரின் வழியில் நடுவே மடிந்து திறக்கும் அமைப்பு. 2014இல் பெண்களுக்கென்று சொல்லி வெளியிட்ட நிர்பீக் அதே அமைப்பில் சுமார் 500 கிராம். அன்றைக்கு அதன் விலை 1.22 லட்சம் ரூபாய். 2023இல் வந்த பிரபல் மறுபடி 700 கிராம் அளவு. உருளை பக்கவாட்டில் வெளியே வரும் அமைப்பு.

மடிந்து திறக்கும் வகையில் துப்பாக்கிச் சட்டகத்தின் இரண்டு பாதிகளையும் ஒரு கீலும் ஒரு கொக்கியும்தான் சேர்த்துப் பிடிக்கின்றன. நெடுநாள் உழைப்பில் அந்த இணைப்பு தளரும். தோட்டா பலமற்றது என்பதால் புதியதில் இது பெரிய கவலை இல்லை, ஆனால் பழையது வாங்குபவர் முதலில் கை வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுவே. நானாக இருந்தால், கிடைக்குமானால், பக்கவாட்டில் திறக்கும் வகையையே எடுப்பேன். எடையில் 500 கிராமுக்கும் 700 கிராமுக்கும் இடையே தயங்குபவர்கள் பெரும்பாலும் இடுப்புச் சுமையை மட்டும் எண்ணுகிறார்கள். நீண்ட கனமான விசையை இழுக்கும்போது எடை குறைந்த துப்பாக்கி கைக்குள் அதிகம் ஆடும். அந்த 200 கிராம் உங்கள் குறியைத்தான் பிடித்து வைக்கிறது. விசை கனமாக இருக்கிறதே என்று கடைக்காரரிடம் சுருள்வில்லைக் குறைக்கச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். குதிரையின் அடி மென்மையானால் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் வெடிமூடி சில சமயம் வெடிக்காது. அதோடு, அந்தக் கனமான இழுப்புத்தான் இந்தத் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டு.

இனி ஐயாவின் பிஸ்டல். நீங்கள் அனுப்பிய படத்தில் ஸ்லைடின் இடப்புறம் பெல்ஜிய நிறுவனத்தின் பெயரும், கைப்பிடியின் பின்புறம், உள்ளங்கை அழுத்தினால் மட்டும் விடுபடும் கையிடைப் பூட்டும் தெரிகின்றன. குழலைச் சுற்றியே சுருள்வில் அமைந்திருக்கிறது. அது எஃப்.என். 1910. பிரௌனிங்கின் கைவேலை, 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது இதே மாதிரிதான், துளை மட்டும் வேறு. செட்டிநாட்டின் பழைய வீடுகளில் இப்படி ரங்கூன், பினாங்கு வழியாக வந்த வெப்லி, கோல்ட், வால்தர் என எத்தனையோ இரும்புப் பெட்டிகளில் உறங்குகின்றன. இறக்குமதி நின்றுபோனதால் அவற்றின் விலை லட்சங்களில் ஏறிக் கிடக்கிறது; விலை ஏறியதைத் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது தவறு.

அந்தப் பிஸ்டலைத் தினமும் கொண்டுசெல்லக் கூடாது என்பதற்கு அதன் வயது பாதிக் காரணம். அமைப்பு மீதிக் காரணம். சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், தோட்டாவை ஏற்றிவிட்டால், உள்ளே தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் அடிமுனை முழு இழுப்பில் சுருள்வில்லோடு காத்திருக்கும். அதைப் பிடித்து நிற்பது ஒரு சிறு எஃகுப் பல். கட்டைவிரல் பூட்டு, கையிடைப் பூட்டு, மேகசின் பூட்டு என மூன்று இருந்தாலும், இன்றைய பிஸ்டல்களில் இருப்பதுபோல் அடிமுனையையே குறுக்கே மறித்து நிற்கும் கட்டை எதுவும் அதில் கிடையாது. நூறு வருடத்தில் அந்தப் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். கார்க் கதவைத் திறக்கும்போது தவறித் தரையில் விழுந்தால் வெடிக்கக்கூடும். வெடிக்காமலிருக்கச் சேம்பரைக் காலியாக வைத்துக்கொண்டால், ஆபத்து வேளையில் இரண்டு கைகளும் வேண்டும் என்ற பழைய கதைக்கே திரும்பிவிடுகிறோம்.

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்ற நம்பிக்கையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்கு, தெரிந்தவர் ஒருவரின் பழைய பிஸ்டலைப் பார்க்கப் போயிருந்தேன். இது வேறு மாதிரி, மேகசினைக் கழற்றினால் சுடவிடாமல் தடுக்கும் மேகசின் பூட்டு இல்லாதது. வீட்டுக்காரர் மேகசினை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, ‘இப்ப ஒண்ணும் இல்ல அண்ணே’ என்று சொல்லிக்கொண்டே துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினார். சேம்பரில் ஒன்று இருந்தது. குண்டு முற்றத்தை ஒட்டிய தரையில் ஆத்தங்குடிக் கல் ஒன்றைப் பூவின் நடுவிலே பெயர்த்துக்கொண்டு தெறித்து, சுவரின் முட்டைப் பூச்சில் ஒரு கீறல் போட்டு நின்றது. இரண்டடி தள்ளி அவருடைய ஆச்சி வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கல்லை மாற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். இன்றும் பெயர்ந்தபடியே இருக்கிறது. முதலில் மேகசின், பிறகு ஸ்லைடை முழுவதும் இழுத்துச் சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்ப்பது. இந்த வரிசை மாறக் கூடாது.

சட்டப்படியும் அந்தப் பிஸ்டல் இன்று உங்களுடையது இல்லை. அப்பச்சியின் உரிமத்தில் இருப்பதை நீங்கள் காரில் கொண்டுசென்றால், உங்களுக்குத் தனி உரிமம் இருந்தாலும், அது குற்றம். ஆனால் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமதாரர் 70 வயதைக் கடந்திருந்தாலோ 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே சட்டப்படியான வாரிசுக்கு மாற்றிக்கொள்ள வழி தருகின்றன. அப்பச்சி நல்லபடியாக இருக்கும்போதே அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது, பின்னால் கூடப்பிறந்தவர்களிடம் ஒவ்வொருவராக ஒப்புதல் கையெழுத்துக்கு அலைவதைவிட எளிது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மொத்தம் இரண்டுதான், வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். புதிய ரிவால்வரும் ஐயாவின் பிஸ்டலும் சேர்ந்தால் உங்கள் கணக்கு நிரம்பிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதே திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக்கியது; புதுப்பிக்கும் தேதியை ஆலைக் கணக்கரின் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

வாங்கும் இடத்தில் என்ன பார்ப்பது? புதியது என்பதாலேயே நல்லதாக இருந்துவிடாது. ஒரே வரிசையில் வந்த இரண்டில் ஒன்று நன்றாகவும் ஒன்று சுமாராகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குதிரையைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அது முழுவதும் பின்னால் போய் நிற்பதற்குள் உருளை ‘டக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் ஆறு முறை செய்யுங்கள். ஓர் அறையில் மட்டும் பூட்டு பிந்துகிறது என்றால் அந்தத் துப்பாக்கி வேண்டாம், அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். குதிரை பின்னால் நிற்கும்போது விசையைத் தொடாமல் கட்டைவிரலால் குதிரையை முன்னோக்கி அழுத்தினால் அது நழுவக் கூடாது. குழலுக்கும் உருளைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஒரு மெல்லிய கோடுபோல், உருளையைச் சுழற்றும்போது அகலாமலும் குறுகாமலும் இருக்க வேண்டும். உருளையை முன்னும் பின்னும் ஆட்டினால் கை உணரும் அளவுக்கு அசையக் கூடாது.

பிஸ்டல்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், கொல்கத்தா பக்கத்து அரசுத் தொழிற்சாலைகளின் அசானி இருக்கிறது. அதற்கு ஒரு பென்சில் சோதனை உண்டு: சேம்பர் காலி என்று இருமுறை பார்த்தபின், பின்புறம் ரப்பர் வைத்த பென்சிலை ரப்பர் முனை உள்ளே போகும்படி குழலுக்குள் விட்டு, மேல்நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினால், பென்சில் துள்ளி வெளியே வர வேண்டும். சோம்பலாக அசைந்து நின்றுவிட்டால் அடிமுனைக்குப் பலம் இல்லை. மேகசின் இரண்டாவது இல்லாமல் எந்தப் பிஸ்டலையும் வாங்காதீர்கள்.

அமெரிக்கர்கள் புதிய துப்பாக்கியை நம்புவதற்கு முன் 200 தோட்டா சுட்டுப் பார் என்பார்கள். நமக்கு அவ்வளவு கட்டுப்படியாகாது. 50 தோட்டாக்களை மூன்று தவணையாகச் சுடுங்கள், எல்லாம் டபுள் ஆக்‌ஷனில், எல்லா அறைகளும் சமமாகப் பயன்படும்படி. சுட்ட கூடுகளைக் கீழே விடாமல் பொறுக்கி, அடிப்புறத்து அடிமுனைத் தழும்பைப் பாருங்கள். நடுவில், ஒரே ஆழத்தில் பதிந்திருந்தால் நல்ல துப்பாக்கி. ஒரு பக்கமாக ஒதுங்கியோ சில ஆழமாகச் சில மேலோட்டமாகவோ இருந்தால், ஒன்றுகூட வெடிக்கத் தவறாவிட்டாலும், திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். மாவட்டத் துப்பாக்கி சுடும் சங்கங்களில் உறுப்பினராகிச் சுடுவதே முறையான வழி. தோப்பில் மட்டையை நட்டுச் சுடுவது சட்டப்படியும் தவறு, செம்பாறை நிலத்தில் குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லவும் முடியாது.

தேர்ந்தெடுப்பதற்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது உறைக்குக் கொடுப்பவரை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். நீங்கள் ஆலைக்கு வேட்டிதான் கட்டிப் போகிறீர்கள். அகலமான வேட்டி பெல்ட்டின் பணப்பையில் செல்போனோடு துப்பாக்கியையும் செருகி ஜிப்பை இழுத்துவிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அதைவிட மோசமான இடம் எனக்குத் தெரியாது. விசை திறந்திருக்கிறது, சாவிக்கொத்தின் வளையம் அதற்குள் போனால் போதும். 2016ஆம் ஆண்டின் விதிகளும், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில், முழுதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டில் வைத்தே கொண்டுசெல்ல வேண்டும் என்கின்றன. விசையை முற்றிலும் மூடும் கெட்டியான உறை, அதைத் தாங்கும் தடித்த தோல் பெல்ட், மேலே தொங்கும் சட்டை; இதற்காக ஆலை நாட்களில் கால்சட்டைக்கு மாற வேண்டியிருந்தால் மாறிவிடுங்கள். காரின் டேஷ்போர்டு அறையில் வைப்பதும், மஞ்சப்பைக்குள் பணத்தோடு வைப்பதும் ஒன்றுதான். பையைப் பறிப்பவனுக்குத் துப்பாக்கியும் சேர்ந்து போகும்.

வியர்வையையும் தவிட்டையும் மறக்கக் கூடாது. ஆலையில் நாள் முழுவதும் பறக்கும் உமித்தூசி எண்ணெய் பூசிய எந்த இரும்பிலும் அப்பிக்கொள்ளும். எனவே எண்ணெய் மெல்லிய பூச்சுக்கு மேல் வேண்டாம். சித்திரை வைகாசி மாதங்களில் இடுப்பை ஒட்டிய பக்கத்தில் ஒரே வாரத்தில் துருப் புள்ளிகள் வரும். தோல் உறை வியர்வை உப்பைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், இரவில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து உலர்ந்த துணியால் துடைத்து, தனியாகப் பூட்டி வையுங்கள். தோட்டாக்களில் எண்ணெய் படக் கூடாது. வெடிமூடியின் விளிம்பு வழியே உள்ளே கசிந்தால் மருந்து செத்துவிடும். உடம்போடு சுமந்த ஆறு தோட்டாக்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுடும் தளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள். பயிற்சியும் ஆயிற்று.

சுடும் உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு வரி. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுடுவதற்கு அவை இடம் தருவதாக எண்ணிவிடாதீர்கள். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை இருந்ததா, தேவைக்கு மேல் தீங்கு செய்யப்பட்டதா என்பதையே 37, 38, 41ஆம் பிரிவுகளை வைத்துக் கேட்பார்கள். கல்யாண வீட்டில் மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2019 முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நம் பக்கத்தில் அந்த வழக்கம் இல்லை, நல்லது.

என்னைக் கேட்டால் துப்பாக்கிக்கு முன்னால் பணத்தின் பாதையை மாற்றுவேன். வியாபாரிகளிடமிருந்து வங்கிக் கணக்கில் நேரடியாக வாங்கக்கூடியதை வாங்கி, மீதியை மாலை நான்கு மணிக்குள் புதுவயலிலேயே வங்கியில் கட்டிவிட்டால், இரவு எட்டு மணிக்கு உங்கள் காரில் பறிப்பதற்கு மஞ்சப்பை மட்டும்தான் மிஞ்சும். ரிவால்வர் அதற்குப் பிறகும் இருக்கட்டும். தனியாக வரும் சாலையில் அதற்கு வேலை வரலாம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் பெரும்பாலும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வரும். அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை இரண்டையும் எழுதிய ரசீது வாங்காமல் வராதீர்கள்.

ஐயாவின் பிஸ்டலை என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதைக் கையில் வாங்கிப் பிரிக்க எனக்கு உரிமம் இல்லை. பழுது பார்க்கும் உரிமம் உள்ள கடைக்கு, அப்பச்சியையும் அவருடைய உரிமப் புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடிமுனை, அதைப் பிடிக்கும் பல், இரண்டு சுருள்வில்கள் ஆகியவற்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மேலே கறுத்துக் கிடக்கும் நீலப் பூச்சைப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அது ஐயா பிடித்த இடத்தில்தான் தேய்ந்திருக்கிறது.